இன்னொருவர் பெயரும் முகவரியும்

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில், சாமான் போட்டுவைக்க அறைகளை மாத வாடகைக்கு விடும் ஒரு ஸ்டோரேஜ் வளாகத்தின் பத்துக்குப் பத்து அறையில் என் அப்பாவின் ஆறு பேரேடுகள் இருந்தன. அம்பாசமுத்திரத்தில் அவர் நடத்திய பலசரக்குக் கடையின் கணக்கு அது. 1978இல் தொடங்கி, 1996இல் கடையை மூடிய மாதம் வரை. வரவு செலவோடு, ஓரத்தில் பென்சிலால் தனக்கென்று சில குறிப்புகளும் எழுதி வைப்பார். பாபநாசம் அணை திறந்த நாள், நதியுண்ணிக் கால்வாயில் தண்ணீர் வந்து சேர்ந்த நாள், யார் வீட்டுக் கல்யாணத்துக்காக யாருடைய பாக்கியைத் தள்ளி வைத்தார் என்பது, நான் பிறந்த அன்று கடை திறக்கவில்லை என்பது. 2017இல் பழைய வீட்டை விற்றபோது அந்த ஆறையும் வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தேன். 2022 ஆகஸ்டில் வாடகை பாக்கிக்காக அவை ஆன்லைன் ஏலத்தில் போய்விட்டன. பேரேட்டை யாரும் ஏலம் கேட்கவில்லை. அறையைக் கேட்டார்கள், அறையோடு அதுவும் போயிற்று.

நடந்ததில் சட்டமீறல் எதுவும் இல்லை. சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்த பிறகுதான் இதை ஏற்றுக்கொண்டேன். அதுவரை அந்த வளாகத்தின்மேல் இருந்த கோபம் அதன் பிறகு சட்டத்தின் பக்கம் திரும்பியது. இப்போது அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக இந்த ஸ்டோரேஜ் சட்டங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். திருத்துவது யாருக்கு வசதியாக என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இங்கே வாழும் நம் ஆட்களில் வீடு மாறும்போதோ ஊருக்குப் போகும்போதோ ஒருமுறையாவது ஸ்டோரேஜ் எடுக்காதவர்கள் குறைவு. அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

2022 மார்ச்சில் அப்பாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்கள் அபார்ட்மெண்டின் லீஸ் ஏப்ரல் மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. என் எச்1பி வேலை விசா நீட்டிப்புக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வேறு வாங்க வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாத பயணம். ஆளில்லாத வீட்டுக்கு வாடகை கொடுக்க வழியில்லை. சாமானை எல்லாம் மாதம் 219 டாலருக்கு ஒரு யூனிட்டில் போட்டுவிட்டு, நானும் மனைவியும் மகளும் கிளம்பினோம். நான்கு டிரங்குப் பெட்டி கொலு பொம்மை, 110 வோல்ட் கிரைண்டர், மாமியார் கொடுத்த ஈயச்சொம்பு, எங்கள் விசா ஒப்புதல் தாள்களான ஐ-797 ஒரிஜினல்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ், சோபா, கட்டில், அப்பாவின் பேரேடுகள்.

ஒப்பந்தத்தை வாசலில் நின்றபடி போனிலேயே கையெழுத்திட்டேன். டிரக்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தோம், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாருக்குத் தெரிவிக்கலாம், அவர் பெயரும் முகவரியும் கொடுக்கலாம் என்று ஒரு இடம் இருந்தது. நிரப்பாமலே அடுத்த பக்கம் போக முடிந்தது. போய்விட்டேன்.

ஜூன் மாதம் அப்பா போய்விட்டார். ஜூலையில் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்முகம். அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனவனுக்கு, 221 (ஜி) என்ற தாளைக் கையில் கொடுத்து, சரிபார்ப்பு முடிந்ததும் சொல்வோம் என்றார்கள். பாஸ்போர்ட் செப்டம்பரில்தான் கைக்கு வந்தது. இதற்கிடையில், மே மாதமே வங்கி ஏதோ சந்தேகப் பரிவர்த்தனையைப் பார்த்து என் கார்டை முடக்கி, புதுக் கார்டை நாங்கள் காலிசெய்த அபார்ட்மெண்டுக்கு அனுப்பியிருக்கிறது. பழைய கார்டில்தான் ஸ்டோரேஜ் வாடகை தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஜூன் 1ஆம் தேதி வாடகை போகவில்லை. அமெரிக்க சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்திருந்தேன். மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. வாரந்தோறும் தள்ளுபடி விளம்பரம் அனுப்பிய அதே முகவரியிலிருந்து வந்ததால், அந்த விளம்பரங்களோடு சேர்ந்து ஒதுங்கிக் கிடந்தன. அப்பாவின் காரியம் நடந்துகொண்டிருந்த நாள்களில் நான் வங்கிக் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. வாடகை கட்டாதது என் தவறு, அதில் மறுபேச்சு இல்லை.

திரும்பி வந்த மறுநாள் வளாகத்துக்குப் போனால் கேட்டின் எண் வேலை செய்யவில்லை. அலுவலகத்தில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. அறை 410 டாலருக்குப் போயிருந்தது. என் பாக்கியோ, மூன்று மாத வாடகையும் தாமதக் கட்டணமும் ஏலச் செலவும் சேர்ந்து ஏறக்குறைய 800 டாலர். அந்தப் பெண் நிதானமாக, மரியாதையாகப் பேசினார். உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். ஏலம் எடுத்தவர் சொந்தக் காகிதங்கள் என்று திருப்பிக் கொடுத்தது. ஐ-797கள் இருந்தன, சான்றிதழ்கள் இருந்தன, கல்யாண ஆல்பம் இருந்தது. பேரேடு ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் வழியாகவே கேட்டுப் பார்த்தோம். வேற்று மொழியில் பழைய கணக்குப் புத்தகம்போல ஏதோ இருந்தது, மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டேன், மன்னிக்கவும் என்று ஏலம் எடுத்தவர் பதில் அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்தது சொந்தக் காகிதம். தமிழில் இருந்தது குப்பை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிய வழியில்லை.

பக்கத்து ஊரான மில்பிடாஸில் எங்களுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். நாகர்கோவில்காரர். விஷயத்தைக் கேட்டதும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, எனக்கு ஒரு கடுதாசி வந்திருந்தா பத்து நிமிஷத்துல போய்க் கட்டியிருப்பம்லா" என்றார். நான் நிரப்பாமல் விட்ட இடத்தில் எழுதியிருக்க வேண்டிய பெயர் அவருடையது.

இனி சட்டம். இந்தத் தொழில் அமெரிக்காவுக்கே புதிது. டெக்சாஸின் ஒடெஸாவில் 1964 வாக்கில், எண்ணெய் வயல் வேலைக்கு வந்துபோகிறவர்களுக்காகக் கராஜ்போல வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டதைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று 50,000க்கும் மேற்பட்ட வளாகங்கள். அதற்கு முன்பு இருந்தவை கிடங்குகள். கிடங்குக்காரர் உங்கள் பொருளைக் கையில் வாங்கி, எண்ணி, ரசீது தருவார். பொருள் அவர் பொறுப்பில் இருக்கும். கூலி வராவிட்டால் பொருளைப் பிடித்து வைக்கவும் விற்கவும் அவருக்குப் பழைய சட்டத்திலேயே உரிமை உண்டு. இதை இங்கே லியன் என்பார்கள், நம் ஊர்ச் சட்டத் தமிழில் பற்றுரிமை. ஸ்டோரேஜில் கதையே வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று வளாகக்காரருக்குத் தெரியாது. பூட்டு உங்களுடையது, சாவி உங்களிடம். அவர் கிடங்குக்காரரா, வீட்டுச் சொந்தக்காரரா? கிடங்குக்காரர் என்றால் ரசீது எங்கே? வீட்டுச் சொந்தக்காரர் என்றால் வாடகை பாக்கிக்காகக் குடியிருப்பவரின் சாமானை அவர் இஷ்டத்துக்கு விற்க முடியாதே? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் மாநிலங்கள் தனித்தனியே ஸ்டோரேஜ் சட்டம் கொண்டுவந்தன. கலிபோர்னியாவின் சட்டம் 1981இல் வந்தது.

இதை மத்திய அரசோ அரசமைப்புச் சட்டமோ பார்த்துக்கொள்ளாதா என்று நானும் நினைத்தேன். அந்தக் கதவு 1978இலேயே சாத்தப்பட்டுவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னனில் 1973 ஜூனில் ஒரு பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார்கள். நகர அதிகாரியின் ஏற்பாட்டில் அவர் சாமான்கள் ஒரு கிடங்குக்குப் போகின்றன. கட்டணத் தகராறு. ஆகஸ்டில் கடிதம் வருகிறது: 10 நாளில் பாக்கியைத் தீர்க்காவிட்டால் சாமான் விற்கப்படும். அவர் வழக்குப் போட்டார். ஃபிளாக் பிரதர்ஸ் எதிர் ப்ரூக்ஸ் என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதிய தீர்ப்பு 5க்கு 3 என்று அமைந்தது. கிடங்குக்காரர் தனியார். அவர் விற்பதை மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே அது அரசு செய்த செயலாகிவிடாது. ஆகவே ஒருவரின் உடைமையைப் பறிக்கும் முன் அவரை முறையாகக் கேட்க வேண்டும் என்று அரசைக் கட்டுப்படுத்தும் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது திருத்தம் இங்கே பொருந்தாது. நீதிபதி ஸ்டீவன்ஸ் இதை எதிர்த்து எழுதினார்.

இந்தத் தீர்ப்பின் விளைவு என்னவென்றால், வாடகைதாரருக்கு இருக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் மாநிலச் சட்டம் எழுதி வைத்திருக்கும் அளவுக்குத்தான். ஒரு வரியைச் சட்டசபை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் தாங்கிப் பிடிக்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஸ்டோரேஜ் சட்டத் திருத்தம் என்றால் யாரும் படிக்காத சின்ன விஷயமாகத் தெரியும். நான் அப்படிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கலிபோர்னியாச் சட்டம் மோசமானது இல்லை. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் வாடகைதாரரைப் பற்றி யோசித்து எழுதியது. வாடகை 14 நாள் பாக்கி நின்றால் முதல் அறிவிப்பு. அதில் குறைந்தது இன்னும் 14 நாள் கெடு. அதன் பிறகுதான் பற்றுரிமை பிடிக்கும். உங்கள் பூட்டுக்கு மேல் அவர்கள் ஒரு பூட்டுப் போடுவார்கள். பிறகு ஏல அறிவிப்பு, அதற்கும் குறைந்தது 14 நாள். அந்த ஏல அறிவிப்போடு ஒரு வெற்றுப் படிவமும் வரும். நான் இந்த ஏலத்தை எதிர்க்கிறேன் என்று அதில் கையெழுத்திட்டு, சொல்வது பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியோடு, கெடுவுக்குள் அனுப்பிவிட்டால் ஏலம் நின்றுவிடும். அதற்கு மேல் வளாகக்காரர் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்கித்தான் விற்க முடியும். ஏலத்துக்கு முன் எப்போது வேண்டுமானாலும் பாக்கியைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம். பாக்கி போக மிஞ்சும் பணம் வாடகைதாரருடையது. ஒரு வருடம் கேட்காமல் விட்டால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம்போல) கருவூலத்துக்குப் போகும். தாமதக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. மாத வாடகை 100 டாலரோ அதற்கு மேலோ என்றால் 20 டாலர் அல்லது வாடகையில் 15 சதவீதம், எது அதிகமோ அது. என் கணக்கில் மாதம் 32 டாலர் 85 சென்ட்.

இத்தனை படிகளும் எனக்காக ஏறப்பட்டன. முதல் கடிதம் ஜூன் 16, இரண்டாவது ஜூலை 5. பழைய அபார்ட்மெண்டின் லீஸிங் அலுவலகத்தில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த தபால் கட்டுக்குள் இரண்டும் இருந்தன, வங்கியின் புதுக் கார்டும் அதே கட்டுக்குள். எதிர்ப்புப் படிவத்தை அங்கேயே பிரித்துப் பார்த்தேன். ஒரே பக்கம். என் பெயரை அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

சட்டம் கேட்பது, கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பியதற்கு ஆதாரம். சாதாரணத் தபாலில் போட்டு, இன்ன தேதியில் இந்த உறையை வாங்கிக்கொண்டோம் என்று தபால் நிலையம் தரும் சீட்டை வைத்திருந்தாலே போதும். வாங்கியவர் கையெழுத்து வேண்டாம். அனுப்பினால் முடிந்தது. கிடைத்ததா என்பது சட்டத்தின் கேள்வி இல்லை. நான் தபாலை வேறு முகவரிக்கு மாற்றிவிடாததும் உண்மைதான். போகிற இடம் எதுவென்று தெரியாதவன் எந்த முகவரிக்கு மாற்றச் சொல்வது?

சரி, மின்னஞ்சல் வந்துவிட்டால் தீர்ந்துவிடுமே என்கிறார்கள். கடந்த பதினைந்து வருடங்களாக மாநிலங்களில் நடக்கும் திருத்தங்களில் முதன்மையானது இதுதான். பதிவுத் தபாலுக்குப் பதில் மின்னஞ்சல், பத்திரிகை விளம்பரத்துக்குப் பதில் இணைய விளம்பரம். தொழில்துறைச் சங்கம் ஒவ்வொரு தலைநகரிலும் இதற்காக உழைக்கிறது. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பதிவுத் தபாலுக்குப் பணம் அதிகம். கடன் கடிதம் என்று தெரிந்தால் வாங்க மறுப்பவர்கள் நிறைய, கேட்பாரற்றுத் திரும்பி வரும். சின்னக் குடும்பங்கள் நடத்தும் வளாகங்கள் இன்றும் ஏராளம் இருக்கின்றன. ஒரு யூனிட் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தால் அவர்களுக்கு வாடகையும் இல்லை, வேறு ஆளையும் வைக்க முடியாது. ஏலத்தில் பெரும்பாலும் பாக்கிகூடத் தேறாது. என் விஷயத்திலேயே தேறவில்லை. ஏலம் விட்டு யாரும் பணக்காரராவதில்லை. டிவி நிகழ்ச்சிகளில் கதவைத் திறந்ததும் புதையல் கிடைக்கும் காட்சிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆனால் மின்னஞ்சலை எப்படி எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியாவில் பற்றுரிமை அறிவிப்பு மின்னஞ்சலில் மட்டும் வர வேண்டுமானால், வாடகைதாரர் அதற்கென்று தனியாகச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அது கைக்குக் கிடைத்தது என்பதற்கும், அவர் பதில் எழுதியதுபோல, இணையதளத்தில் உள்ளே போய்ப் பார்த்ததுபோல, ஓர் அடையாளம் வேண்டும். அது இல்லையென்றால் தபாலுக்கே திரும்ப வேண்டும். ஃப்ளோரிடாவில் பதிலோ, படித்ததற்கான ரசீதோ, அல்லது டெலிவரி ஆனது என்ற உறுதிப்பாடோ இருந்தால் போதும். எதுவும் வராவிட்டால் தபால். டெலிவரி ஆனது என்பது இயந்திரம் இயந்திரத்துக்குச் சொல்லும் சேதி. குப்பை அஞ்சலில் விழுந்தாலும் டெலிவரி ஆனதுதான். கடைசியாகத் தெரிந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினாலே போதும் என்று நிறுத்திக்கொண்ட மாநிலங்களும் உண்டு. தபாலில் இருந்த அதே ஓட்டையை அங்கே மின்னஞ்சலுக்கும் எடுத்துப்போய்விட்டார்கள். தபாலாவது யாரோ ஒருவர் கட்டிப்போட்டு எடுத்து வைக்கிற அளவுக்கு ஒரு பொருளாக இருந்தது.

பத்திரிகை விளம்பரச் சண்டையில் நான் யார் பக்கமும் இல்லை. வாரம் ஒருமுறை, இரண்டு வாரம் பத்திரிகையில் போட வேண்டும் என்பது பழைய விதி. அதைக் கைவிட்டு, வணிக நடைமுறைப்படி நியாயமான எந்த வழியிலும் விளம்பரம் செய்யலாம், குறைந்தது மூன்று பேர் தனித்தனியாக ஏலம் கேட்க வந்தால் அது நியாயமான வழிதான் என்று பல மாநிலங்கள் எழுதிக்கொண்டுவிட்டன. சட்ட அறிவிப்பு வருமானம் போவதால் பத்திரிகைச் சங்கங்கள் எதிர்க்கின்றன. அந்த விளம்பரம் எப்போதும் ஏலம் எடுக்க வருபவருக்கானது, பொருளை இழப்பவருக்கானது அல்ல. நம் ஊர் நாளிதழ்களில் நகை ஏல அறிவிப்பு வரும்போது அடகு வைத்தவர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாரா? பத்திரிகையில் ஒரே ஒரு நன்மை உண்டு. விற்பவர் பின்னால் மாற்ற முடியாத, தேதி போட்ட சாட்சி அது.

என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒரு திருத்தம். ஒப்பந்தத்தில் அறைக்குள் இத்தனை டாலருக்கு மேல் மதிப்புள்ள பொருள் வைக்கக் கூடாது என்று ஒரு வரம்பு எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் 5,000 டாலர். வளாகக்காரரே தவறு செய்து விற்றுவிட்டாலும், அந்த வரம்புதான் உங்கள் பொருளின் உச்ச மதிப்பு என்று பல மாநிலங்களின் புதிய சட்டம் சொல்கிறது. ஏலத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு, அறிவிப்பில் குறை இருந்தாலும், பொருள் சொந்தமாகிவிடும். கலிபோர்னியாவிலும் அப்படித்தான். ஆக, தவறு நடந்தாலும் பொருள் திரும்பாது. பணத்துக்கும் எல்லை போட்டாயிற்று. என் ஒப்பந்தத்தில், உணர்வு சார்ந்த மதிப்புள்ள பொருள்களை, பரம்பரைப் பொருள்களை வைக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. இதை ஊருக்குப் போகிற குடும்பத்திடம், வீடு எரிந்த குடும்பத்திடம், விவாகரத்தில் பாதிச் சாமானோடு வெளியே வருகிறவரிடம் சொல்கிறார்கள். ஆல்பத்தையும் ஈயச்சொம்பையும் அவர்கள் வேறு எங்கே வைப்பார்கள்?

வாடகைதாரர் பக்கம் சாய்ந்த திருத்தங்களும் வருகின்றன. குறைந்த வாடகை காட்டி உள்ளே இழுத்து, சாமானை இறக்கிய சில மாதங்களில் வாடகையை ஏற்றிக்கொண்டே போவது இந்தத் தொழிலில் பழகிப்போன ஒன்று. கட்டிலையும் பீரோவையும் மறுபடி டிரக்கில் ஏற்ற யாருக்கும் தெம்பிருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். 2025இல் கலிபோர்னியா நிறைவேற்றிய எஸ்.பி. 709 என்ற சட்டம், இது தள்ளுபடி வாடகையா, முதல் 12 மாதத்தில் உச்சபட்சம் எவ்வளவுவரை போகலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்லச் சொல்கிறது. 2026 ஜனவரி முதலான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் தீ பரவி நெருக்கடி நிலை அறிவித்தபோது, அவசரகாலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக் கூடாது என்ற தண்டனைச் சட்டப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதில் உணவு, மருந்து, வீட்டோடு ஸ்டோரேஜ் சேவையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீடு இழந்தவருக்கு ஸ்டோரேஜும் அவசியம் என்று அந்தப் பிரிவை எழுதியபோதே யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார்.

இன்னொரு சட்டம் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. ராணுவப் பணியில் இருப்பவர்களுக்கான மத்திய சட்டத்தின்படி, ஒருவர் பணியில் இருக்கும் காலத்திலும் அது முடிந்து 90 நாள்வரையும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர் பொருள்மீது பற்றுரிமையைச் செலுத்தி விற்க முடியாது. ஸ்டோரேஜுக்கும் இது பொருந்தும். கடிதம் எட்டாத தூரத்தில் ஒருவர் இருக்க நேரும், அதற்காக அவர் உடைமையை இழக்கக் கூடாது என்று இந்த நாட்டுச் சட்டத்துக்கு நன்றாகவே தெரியும். சிப்பாய்க்குக் கொடுத்த அதே பாதுகாப்பை எனக்கும் கொடு என்று நான் கேட்கவில்லை. அவர் போனது போருக்கு. ஆனால் ஐசியூவில் கிடப்பவர், சிறையில் இருப்பவர், விசாவுக்காக வேறு நாட்டில் காத்திருப்பவர், வீடில்லாமல் காரில் படுப்பவர், இவர்கள் எல்லாரும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறார்கள். காரில் படுப்பவருக்குக் கடைசியாகத் தெரிந்த முகவரி என்பது அவரை வெளியேற்றிய வீடு.

அதனால்தான் ஒப்பந்தத்தில் நான் விட்டுவிட்ட அந்த இடத்துக்கே மறுபடி மறுபடி வருகிறேன். கலிபோர்னியாச் சட்டத்தில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. அறிவிப்புகளை அனுப்ப இன்னொருவர் பெயரையும் முகவரியையும் கேட்காத, அதற்கு இடம் விடாத ஒப்பந்தத்தில் வளாகக்காரருக்குப் பற்றுரிமையே கிடையாது. எவ்வளவு நல்ல யோசனை! ஆனால் அதே பிரிவின் முடிவில், வாடகைதாரர் அதை நிரப்பாமல் விட்டால் வளாகக்காரரின் உரிமை எதுவும் குறையாது என்று எழுதிவிட்டார்கள். 1981இல் ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து காகிதத்தில் எழுதியபோது, இங்கே ஒருவர் பெயர் போடுங்கள் என்று அந்தப் பக்கம் இருப்பவர் விரலை வைத்துக் காட்டியிருப்பார். போன் திரையில் யாரும் விரலை வைத்துக் காட்டுவதில்லை. கட்டை விரலால் தள்ளினால் போய்விடுகிறது.

எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டசபை உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மின்னஞ்சல் அறிவிப்பை எதிர்த்து எழுதவில்லை. மின்னஞ்சலும் தபாலும் இரண்டும் போகட்டும். இரண்டாவது ஆளின் பெயரையும் போன் எண்ணையும் நிரப்பினால்தான் ஒப்பந்தம் முடியும் என்று ஆக்குங்கள். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்பவர் அதைத் தன் கையால் எழுதட்டும். ஏலத்துக்கு முன் அந்த இரண்டாவது ஆளை ஒரு மனிதர் போனில் கூப்பிட்டுப் பேசியதாகப் பதிவு இருக்கட்டும். 800 டாலர் பாக்கிக்கு ஒரு போன் அழைப்பு பெரிய செலவில்லை. அது வாடகைதாரரைவிட வளாகக்காரருக்குத்தான் லாபம், பணம் முழுதாக வந்துவிடும். அப்புறம், சொந்தக் காகிதங்களைத் திருப்பிக் கொடுப்பது இப்போது ஏலம் எடுப்பவரின் நல்ல மனதையும் ஏல விதிகளையும் பொறுத்திருக்கிறது. அதைச் சட்டமாக்குங்கள். கையால் எழுதிய எதுவும், எந்த மொழியில் இருந்தாலும், சொந்தக் காகிதம்தான் என்று அதில் எழுதுங்கள். 90 நாள் ஒரு அட்டைப் பெட்டியில் அலுவலக மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

2017இல் பெட்டி கட்டிய இரவு, ஒரு பேரேட்டைப் பிரித்து ஒரு பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்திருந்தேன். மனைவிக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதற்காக எடுத்தது. ஆறு பேரேட்டில் மிஞ்சியது அந்தப் பக்கம்தான். அதை அச்செடுத்துக் கடிதத்தோடு வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் கூப்பிட்டார். கடிதத்தைப் படித்துவிட்டதாகவும், சட்டசபைக் குழுவில் பணியாற்றும் ஒருவருக்கு அனுப்புவதாகவும் சொன்னார். பிரிவு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்தப் படத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேலே அரிசி, துவரம்பருப்பு, மண்ணெண்ணெய் கணக்கு என்றேன். ஓரத்தில் சாய்வாக இருப்பது என்ன என்றார். முதலில் தமிழில் வாசித்தேன், அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னேன். "ஜூன் 4. சாயங்காலம் வாய்க்காலில் தண்ணி வந்தது. பையனைத் தூக்கிட்டுப் போய்க் காட்டினேன்."